கோதாவில் வளர்ந்த துறவி

மேற்கு மாம்பலத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஆரிய கவுடா ரோட்டில் சற்று நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டை, இடுப்பிலே வண்ணப் பட்டை, இப்படிச் சில சிறுவர் சிறுமியர் போவார்கள். சிலர் கையில் மூங்கில் கம்பு இருக்கும். பின்னால் தாயார் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து வருவார்.

பிள்ளைக்குச் சிலம்பமோ கராத்தேயோ கற்றுக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு இரண்டு கவலைகள் உண்டு. வாத்தியார் நல்லவரா என்பது ஒன்று. பயிற்சிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்பது மற்றொன்று. மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இறங்கி, மறுபடி பஸ் பிடித்துப் போய் வருவதென்றால் பிள்ளை எப்போது பாடம் படிப்பது? எப்போது தூங்குவது?

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில் ஒரு வக்கீல் வீட்டுப் பையனுக்கும் இந்தத் தேவை வந்தது. நல்ல பயிற்சிக்கூடம் வேண்டும். அது நடந்து போகும் தொலைவில் இருக்கவேண்டும். அவனே தேடிக்கொண்டான். அந்தப் பையனின் பெயர் நரேந்திரநாத் தத்தர். பிற்காலத்தில் உலகம் அவரை விவேகானந்தர் என்று அறிந்தது.

வீட்டு முற்றத்தில்

நரேந்திரன் 1863-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தான். வட கல்கத்தாவில் சிம்லா என்ற பகுதியில், கௌர்மோகன் முகர்ஜி தெருவில் அவர்கள் வீடு. தந்தை விசுவநாத தத்தர் ஹைக்கோர்ட்டில் பேர்பெற்ற அட்டர்னி. தாயார் புவனேசுவரி அம்மையார். வீடு பெரியது. கூட்டுக் குடும்பம். ஆள் அம்பு ஏராளம்.

பையனோ ஓரிடத்தில் உட்காரமாட்டான். ஈசுவரசந்திர வித்தியாசாகரின் மெட்ரோபாலிடன் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பில் சூரன்தான். ஆனாலும் மணி அடித்ததும் முதலில் மைதானத்தில் நிற்பவன் அவனே.

ஒரு சமயம் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வீட்டுப் பூஜைக் கூடத்தில் நாடகக் கொட்டகை போட்டான். சில நாள் கூத்து நடந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. மேடையைக் கலைத்துவிட்டார்.

சரி, நாடகம் வேண்டாம் என்று நரேந்திரன் அதே வீட்டு முற்றத்தில் தேகப்பயிற்சிக்கூடம் ஆரம்பித்தான். அக்கம்பக்கத்துப் பையன்கள் எல்லாரும் வந்தார்கள். தொங்கினார்கள், தாவினார்கள், புரண்டார்கள். வாத்தியார் கிடையாது. பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. விளைவு என்ன? ஒரு நாள் உறவுப் பையன் ஒருவன் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டான். பெரியவர் மறுபடி வந்தார். சாமான்கள் எல்லாம் தூள் தூளாயின.

பெரியவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வாத்தியார் இல்லாத வித்தை அப்படித்தான் முடியும். ஆனால் வீட்டில் கதவு அடைபட்டதும் பையன் சோர்ந்து உட்காரவில்லை. தெருவில் இறங்கித் தேடினான்.

நவகோபால் மித்திரரின் கூடம்

அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. அவர்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் தெரு. அங்கே நவகோபால் மித்திரர் என்பவர் ஒரு தேகப்பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். அதில் நரேந்திரனும் நண்பர்களும் சேர்ந்தார்கள்.

இந்த நவகோபால் மித்திரர் சாதாரண மனிதர் அல்ல. அந்தக் காலத்தில் வங்காளிகளுக்கு உடலில் வலுவில்லை, நெஞ்சில் உரமில்லை என்று ஆங்கிலேயர் ஏளனமாக எழுதி வந்தார்கள். மெக்காலே பிரபு இதைப் பெரிய கட்டுரையிலேயே எழுதிவைத்தார். படித்த வங்காளிகள் சிலர் அதை நம்பவும் நம்பினார்கள். மித்திரர் நம்பவில்லை. 1867-ல் இந்து மேளா என்ற விழாவைத் தொடங்கினார். உள்நாட்டுக் கைத்தொழிலும், பாட்டும், குஸ்தியும், கம்பு விளையாட்டும் அந்த மேளாவில் இடம் பெற்றன. நடத்திய பத்திரிகைக்கும் நேஷனல் என்று பெயர், தொடங்கியதற்கெல்லாம் நேஷனல் என்று பெயர். இதனால் ஊரார் அவருக்கே நேஷனல் நவகோபால் என்று பட்டம் சூட்டிவிட்டார்கள்!

அவர் கூடத்தில் கம்பு, குத்துச்சண்டை, குதிரை ஏற்றம், கம்பியில் செய்யும் கசரத்து எல்லாம் நடந்தன. பையன்களிடம் பொறுப்பு இருப்பதைக் கண்ட மித்திரர், கூடத்தின் நிர்வாகத்தையே ஏறக்குறைய அவர்கள் கையில் விட்டுவிட்டார். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள்! திறப்பதும் மூடுவதும், சாமான்களைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. கற்றுக்கொடுப்பது ஒரு வகை என்றால், நம்பிக்கை வைப்பது அதைவிடப் பெரிய வகை. மித்திரருக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் நரேந்திரன் முதல் பரிசு வாங்கினான். பரிசு என்ன தெரியுமா? வெள்ளியில் செய்த ஒரு வண்ணத்துப்பூச்சி.

மாலுமி விழுந்த நாள்

ஒரு நாள் கூடத்தில் ட்ரபீஸ் என்னும் தொங்கு கம்பியை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மரச்சட்டம் மிகவும் கனமானது. பையன்கள் எத்தனை முயன்றும் தூக்க முடியவில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் மாலுமியும் நின்றான். வாட்டசாட்டமான ஆள். நரேந்திரன் அவனிடம் போய் உதவி கேட்டான். மாலுமியும் சந்தோஷமாக வந்து கைகொடுத்தான்.

பையன்கள் கயிற்றைப் பிடித்து மேல் பக்கத்தை இழுத்தார்கள். மாலுமி அடிக்கால்களைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று கயிறு அறுந்தது. சட்டம் சரிந்து மாலுமியின் தலையில் விழுந்தது. நெற்றியில் இரத்தம் கொட்ட, அவன் நினைவிழந்து சாய்ந்தான்.

செத்துவிட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அடிபட்டவன் ஆளும் வெள்ளையர் இனத்தவன். போலீஸ் வந்தால் என்ன ஆகும்? நொடியில் கூட்டம் கலைந்தது. பையன்களும் ஓடினார்கள். நின்றவர்கள் நரேந்திரனும் இன்னும் ஓரிருவருமே.

நரேந்திரன் தன் வேட்டியைக் கிழித்துக் காயத்தில் கட்டுப் போட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து விசிறினான். மாலுமி கண் விழித்ததும், பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவனைத் தூக்கிச் சென்று படுக்கவைத்தார்கள். மித்திரருக்கு ஆள் போயிற்று. டாக்டர் வந்தார். ஒரு வாரம் பையன்கள் அவனுக்குப் பணிவிடை செய்தார்கள். குணமாகிப் புறப்படும்போது, நரேந்திரன் நண்பர்களிடம் வசூலித்த பணத்தை ஒரு முடிப்பாகக் கட்டி அவன் கையில் கொடுத்து அனுப்பினான்.

கூடத்தில் இத்தனை வித்தைகள் கற்றானே, அவற்றில் அன்றைக்கு உதவியது எது என்று யோசித்தால், எதுவும் இல்லை. ஓடாமல் நின்றான், அவ்வளவுதான்.

கம்பும் குஸ்தியும்

கம்பு விளையாட்டில் நரேந்திரனுக்கு மோகம் அதிகம். நம் சிலம்பத்துக்கு அண்ணன் தம்பி முறை என்று சொல்லத்தக்கது வங்காளத்து லாட்டி. இதில் அவனுக்குக் குருமார் முஸ்லிம் உஸ்தாத்கள். இந்துப் பையன், முஸ்லிம் வாத்தியார் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

ஒரு விழாவில் கம்பு ஆட்டம் மந்தமாக நடந்ததாம். பார்த்துக்கொண்டிருந்த நரேந்திரன் எழுந்து, யார் வேண்டுமானாலும் தன்னுடன் ஆடலாம் என்று சவால் விட்டான். ஆட்டக்காரர்களில் வயதிலும் பலத்திலும் பெரியவர் ஒருவர் முன்வந்தார். சிறிது நேரம் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு நரேந்திரன் ஓங்கி அடித்த அடியில் எதிரியின் கம்பு இரண்டாக முறிந்து விழுந்தது. அவருடைய வாழ்க்கையை எழுதிய சீடர்கள் இதைப் பெருமையாகக் குறித்திருக்கிறார்கள்.

குஸ்திக்கு வேறு இடம். அம்பு பாபு என்று அழைக்கப்பட்ட அம்பிகா சரண் குகாவின் கோதா அது. அதுவும் வட கல்கத்தாவிலேதான். வசதியான குடும்பத்தில் பிறந்த அம்பு பாபு, பணத்தையும் வாழ்நாளையும் மல்யுத்தத்துக்கே செலவிட்டவர். மண்ணைச் சலித்து, எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய குழிதான் கோதா. அதில் இறங்குமுன் தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் எடுக்கவேண்டும். கர்லாக்கட்டை சுற்றவேண்டும். மண்ணில் புரண்டு எழுந்தபின் பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே நிறம்.

அம்பு பாபுவின் பேரன்தான் கோபர் குகா. 1921-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆட் சாண்டல் என்ற பெரிய மல்லனை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார் அவர். வலுவில்லாத வங்காளி என்ற பேச்சுக்கு அந்தக் கோதா கொடுத்த பதில் அது.

அம்பு பாபுவின் கோதாவில் நரேந்திரனுக்கு ஒரு தோழன் இருந்தான். ராக்கால் என்று பெயர். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. மண்ணில் கட்டிப் புரண்ட இந்த இரு பையன்களும் பின்னால் ஒரே குருவிடம் போய்ச் சேர்ந்து துறவிகள் ஆனார்கள். ராக்கால்தான் சுவாமி பிரம்மானந்தர், ராமகிருஷ்ண மடத்தின் முதல் தலைவர். மயிலாப்பூர் மடத்தின் கட்டடத்துக்கு 1916-ல் அஸ்திவாரம் போட்டவரும் அவரே. மேற்கு மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

சென்னையில்

1884-ல் தந்தை காலமானார். குடும்பம் கடனில் மூழ்கியது. செல்வத்தில் வளர்ந்த நரேந்திரன் பசியோடு வேலை தேடித் தெருத்தெருவாக அலைந்தான். பிறகு துறவு. அதன்பின் இந்தியா முழுவதும் ஆண்டுக்கணக்கில் அலைச்சல். பெரும்பகுதி கால்நடை. கோதாவில் வைத்த உரம் அந்தக் காலத்தில்தான் செலவாயிற்று.

1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்தார். அங்கிருந்து சென்னை. பச்சையப்பன் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1893-ல் சிகாகோவில் அவர் அடைந்த புகழைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

1897 பிப்ரவரி 6-ந் தேதி அவர் திரும்பிச் சென்னை வந்தபோது, இளைஞர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற மாளிகையில் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

அங்கே தங்கிய ஒன்பது நாளில் பல சொற்பொழிவுகள். வேதாந்தத்தைக் கேட்க வந்த இளைஞர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்குச் சமீபமாகப் போகலாம் என்று காவியுடுத்த துறவி மேடையில் நின்று சொன்னார். கைத்தசை சற்று உறுதிப்பட்டால் கீதையும் நன்றாக விளங்கும் என்றார். கேட்டவர்களில் பலர் பட்டதாரிகள், குமாஸ்தாக்கள். மைதானத்தை எட்டிப் பார்க்காதவர்கள். விளையாட்டுப் பேச்சு என்று சிலர் நினைத்திருக்கலாம். கார்ன்வாலிஸ் தெருக் கூடத்தை அறிந்தவர்களுக்கு, அது அனுபவப் பேச்சு என்பது புரிந்திருக்கும்.

கடைசி நடை

இத்தனை பயிற்சி செய்தவர் நீண்ட நாள் வாழ்ந்தாரா என்றால், இல்லை. நீரிழிவு வந்தது. ஆஸ்துமா வாட்டியது. ஊர் ஊராக அலைந்ததும், கிடைத்ததை உண்டதும், ஓயாமல் பேசியதும் உடலைத் தின்றுவிட்டன. உடற்பயிற்சியினால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஆனாலும் பேலூர் மடத்தில் இளம் துறவிகள் தியானத்தோடு தேகப்பயிற்சியும் செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். தாம் செய்ய முடியாத நாளிலும் அவர்களைச் செய்யவைத்தார்.

அவர் மறைந்த அதே 1902-ல் கல்கத்தாவில் அனுசீலன் சமிதி தோன்றியது. அதுவும் முதலில் கம்பும் கசரத்தும் கற்கும் கூடமாகத்தான் ஆரம்பமாயிற்று. அங்கே பயின்றவர்கள் போன பாதை வேறு. அது தனிக் கதை.

1902 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. காலையில் நெடுநேரம் தியானம் செய்தார். பகலில் மடத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் சமஸ்கிருத இலக்கணம் நடத்தினார். மாலையில் சுவாமி பிரேமானந்தரை உடன் அழைத்துக்கொண்டு பேலூர்க் கடைத்தெரு வரையில் நடந்தார். ஏறக்குறைய இரண்டு மைல். பல மாதங்களாக நோயில் கிடந்தவர் அவ்வளவு தூரம் நடந்ததைக் கண்டு மடத்தார் மகிழ்ந்தார்கள். திரும்பி வந்து தம் அறைக்குள் போனார். இரவு 9 மணி கடந்து சில நிமிடங்களில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 39.