சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலை நீண்டு கிடக்கிறது. அங்கே தேனுக்கும் புளிக்கும் மரம் ஏறுகிறவர்கள் உண்டு. கீழே கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனதால் அதை ராணுவப்பேட்டை என்பார்கள்.

மரத்திலிருந்து விழுந்தாலும் சரி, போரில் குண்டு பாய்ந்தாலும் சரி, முதுகுத்தண்டு நைந்தால் கால்கள் செயலற்றுப் போகும். முன்னாட்களில் அத்தகையோர் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கோளாறாலும் மாண்டுபோனார்கள்.

அவர்களுக்கு வாழ வழி காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவருக்கே கால்கள் செயலற்றவை!

கேரளத்துச் செராயில் 1925-ல் பிறந்தவர் மேரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். 1954 ஜனவரி 30-ந் தேதி, உடன் வேலை செய்தவர்களோடு உல்லாசப் பயணம் புறப்பட்டார். வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் ஆழ்ந்த காயம். முதுகுத்தண்டும் சிதைந்தது. இனி நடக்க முடியாது என்று தெரிந்தபோது வயது 28.

மேரி மனம் உடைந்தார். ஆனால் டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியைக் கையில் எடுத்தார். பலரது கைகள் மீண்டும் சோறு பிசைந்தன.

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போனார். அடுத்து நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க விமானப்படை வீரர்களுக்காக மறுவாழ்வு முறைகளை வகுத்தவர் ரஸ்க். இங்கிலாந்தில் டாக்டர் குட்மன் 1944 முதல் முடமான சிப்பாய்களைக் காத்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, கைகளுக்கு வலுவேற்றுவது, தொழில் கற்பிப்பது ஆகியவையே அந்த முறைகள்.

சிப்பாய்களுக்காகப் பிறந்த அந்த வித்தையை ஏழைக் குடியானவர்களுக்காக மேரி வேலூருக்குக் கொண்டுவந்தார். 1963-ல் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. வாழ்வு முடிந்தது என்று அழுது வந்தவர்கள், தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் வரும் டாக்டரைக் கண்டார்கள். மருந்து கொடுக்குமுன்பே பாதித் தைரியம் வந்துவிடும்!

1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் மேரி மறைந்தார். அவர் கால்கள் மறுபடி நடக்கவே இல்லை. ஆனால் அவர் தொடங்கிய பணி பாகாயத்தில் இன்றும் நடக்கிறது.