வாயை வேகவெச்சுக்கிட்ட விஞ்ஞானி

எங்க ஊர் அதிராம்பட்டினம். உப்பளம் பக்கம் போனா உப்பை வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்க. அந்த உப்புல இருக்கற சோடியத்தை முதன்முதலா பிரிச்செடுத்தவரும், குளோரினுக்குப் பேர் வெச்சவரும் ஒரே ஆள்தான்: ஹம்ஃப்ரி டேவி. இதை ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. ஆனா அவர் நம்ம வயசுல பண்ணின ஒரு விபரீதம் உங்களுக்குத் தெரியுமா?

டேவியும் கடலோர ஊர்க்காரர்தான். 1778-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸில் பிறந்தார். 1794-ல் அப்பா இறந்தார். குடும்பத்துக்குக் கடன்தான் மிச்சம். காலேஜ் பக்கம் போகாமல் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகினார். 1798-ல், 19 வயசுல, பிரிஸ்டல் நியூமேட்டிக் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. வாயுக்களை சுவாசிக்க வைத்து நோயைக் குணமாக்க முடியுமா என்று ஆராய்ந்த இடம் அது. சோதனை எலி யாருன்னு கேக்கறீங்களா? பல நேரம் டேவியேதான்!

சிரிப்பு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடை சுவாசித்துப் பார்த்தார். அடுத்து நைட்ரிக் ஆக்சைடு. இது ஆக்சிஜனைத் தொட்டாலே நைட்ரஜன் டைஆக்சைடாக மாறும். ஈரத்தோடு சேர்ந்தா அமிலம். டேவிக்கு இது தெரியும். அதனால முதலில் நைட்ரஸ் ஆக்சைடை இழுத்து இழுத்து நுரையீரலில் இருந்த காற்றை வெளியேத்தினார். பிறகு நைட்ரிக் ஆக்சைடை இழுத்தார். வாயைத் திறந்து காற்று உள்ளே போனதும் அமிலம் உருவாகி நாக்கும் அண்ணமும் வெந்து, பல்லும் பாதிச்சது. 1800-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

அறிவுல குறை இல்லை. மூச்சை முழுசா விட்ட பிறகும் நுரையீரலில் எவ்வளவு காற்று மிச்சமிருக்கும்னு ஹைட்ரஜனை வெச்சு அளந்தவர் அவர். அந்த நொடியில் வாய்க்குள்ள எந்த வாயு எவ்வளவு இருக்குன்னு காட்ட மீட்டர்தான் இல்லை.

இன்னைக்கு அதே நைட்ரிக் ஆக்சைடு ஒரு மருந்து. பிறந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சரியா விரியாத குழந்தைகளுக்கு 20 பிபிஎம் அளவில் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1999-ல் அனுமதி கிடைத்தது. குழந்தையின் வாய்க்குப் பக்கத்துல இருந்தே வாயுவை எடுத்து, நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஆக்சிஜன் மூணையும் ஒரு மானிட்டர் விடாம அளக்கும்.

நம்ம கணக்கைப் போடுங்க. சென்சாரில் 1 பிபிஎம் பிழைன்னு வெச்சுக்கலாம். 20 பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடுக்கு அது 5 சதவீதம்தான். ஆனா நைட்ரஜன் டைஆக்சைடு இருக்கறதே 1 பிபிஎம்னா, பிழை 100 சதவீதம்! அதோட நைட்ரிக் ஆக்சைடை இரட்டிப்பாக்கினா, நைட்ரஜன் டைஆக்சைடு உருவாகும் வேகம் நாலு மடங்காகும்.

பெரும்பாலான மானிட்டர்களில் இருப்பது எலக்ட்ரோகெமிக்கல் செல். வாயு எலக்ட்ரோடில் வினைபுரியும். வர்ற கரண்ட்தான் அளவு. மின்சாரமும் ரசாயனமும் சேரும் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் டேவியும் ஒருத்தர். 1807-ல் சோடியத்தைப் பிரிச்சதும் மின்சாரத்தாலதான். ஆனா இந்த செல் பழசாகும். ஈரப்பதம், வெப்பநிலை மாறினா ரீடிங் நகரும். அதனால சுத்தமான காற்றில் ஜீரோ பார்த்து, அளவு தெரிஞ்ச சிலிண்டர் வாயுவிலும் கேலிப்ரேட் பண்ணணும்.

பண்ணாட்டி என்ன ஆகும்? டேவியின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கு. 1815-ல் சுரங்கத்துக்குப் பாதுகாப்பு விளக்கு கண்டுபிடித்தார். சுடர் நீண்டு நீலமானா மீத்தேன் இருக்குன்னு அர்த்தம். அதுவும் ஒரு கேஸ் மானிட்டர்தானே! அதை நம்பி, முன்னாடி ஆபத்துன்னு ஒதுக்கின பகுதிகளுக்குள்ளும் ஆட்களை இறக்கினாங்க. கம்பி வலை துருப்பிடிச்ச விளக்கு, ஓட்டை விழுந்த விளக்கு எல்லாம் உள்ளே போச்சு. வெடிவிபத்து நிக்கல.

டேவி 1829-ல் ஜெனிவாவில் 50 வயசுல இறந்தார். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல கேஸ் சென்சார் இருக்கா? டிஸ்ப்ளேல நம்பர் வந்ததும் ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க. கடைசியா எப்போ கேலிப்ரேட் பண்ணினீங்கன்னு முதல்ல பாருங்க.