ரெயிலில் ஏற தடை... நடந்தே ஊர் ஊராக சுற்றிய தியாகி! பாரத மாதாவுக்கு கோவில் கட்ட துடித்த சுப்பிரமணிய சிவா

திருவண்ணாமலை:

பவுர்ணமி ராத்திரி அடி அண்ணாமலை வழியாக கிரிவலம் போகும் கூட்டத்துக்கு கணக்கே கிடையாது. மலையை சுற்றி மொத்தம் 14 கிலோ மீட்டர். செருப்பு இல்லாமல் நடந்து வரும் பக்தர்கள் பாதி தூரத்தை தாண்டி ஆதி அண்ணாமலையார் கோவில் பக்கம் வரும்போது பலருக்கும் கால் கெஞ்ச ஆரம்பித்து விடும்.

ஒரு ராத்திரி நடைக்கே இந்த பாடு. உடம்பெல்லாம் புண்ணோடு, வருஷக்கணக்கில் ஊர் ஊராக நடந்த ஒருவர் இருந்தார். அவர் நடந்ததும் ஒரு கோவிலுக்காகத்தான். அந்த கோவிலில் அவர் வைக்க நினைத்த சாமி, பாரத மாதா!

அவர்தான் தியாகி சுப்பிரமணிய சிவா. அவர் உயிரை விட்ட பாப்பாரப்பட்டி, நமக்கு பக்கத்து மாவட்டமான தருமபுரியில்தான் இருக்கிறது.

1961-ல் வந்த கப்பலோட்டிய தமிழன் படத்தில் வ.உ.சி.யாக சிவாஜி கணேசன் நடித்தார். கூடவே சுப்பிரமணிய சிவாவாக வந்தவர் டி.கே.சண்முகம். படம் பார்த்தவர்களுக்கு சிவாவின் ஜெயில் வாழ்க்கை தெரியும். ஆனால் அதற்கு பிறகு அவர் பட்ட கஷ்டம்தான் பெரிய கதை.

தூத்துக்குடி கடற்கரையில்...

1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர் சிவா. வாலிப வயதில் திருவனந்தபுரத்தில் இருந்தபோதே தேசம், தேசம் என்று பேச ஆரம்பித்து விட்டார். அங்கே இருக்க விடாமல் சமஸ்தானம் வெளியேற்றியது. அங்கிருந்து கிளம்பியவர் தூத்துக்குடிக்கு வந்து வ.உ.சி.யுடன் சேர்ந்தார்.

வெள்ளைக்காரன் கப்பலுக்கு போட்டியாக சுதேசி கப்பல் விட்டவர் வ.உ.சி. சிவாவோ பேச்சில் நெருப்பு. இரண்டு பேரும் கடற்கரையில் கூட்டம் போட்டால் ஊரே திரண்டு வரும்.

1908 பிப்ரவரி 27-ந் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் குதித்தனர். கூலி உயர்வு, வார விடுமுறை போன்றவைதான் அவர்கள் கேட்டது. பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சிவாவும். கடைசியில் வெள்ளைக்கார நிர்வாகமே இறங்கி வந்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? மார்ச் 12-ந் தேதி இருவரையும் கைது செய்தது. மறுநாள் நெல்லையில் பெரிய கலவரமே வெடித்தது.

ராஜ துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 ஆண்டு நாடு கடத்தல் தண்டனை கொடுத்தார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு. அதில் 20 ஆண்டு, சிவாவுக்கு உதவியாக இருந்ததற்காக! மேல் முறையீட்டில் இந்த தண்டனைகள் குறைந்தன.

ஜெயில் கொடுத்த பரிசு

திருச்சி, சேலம் என்று ஜெயில் மாறினாலும் சிவாவுக்கு கடுமையான வேலை மட்டும் மாறவில்லை. அங்கே இருக்கும்போதே தொழுநோய் பிடித்துக் கொண்டது.

1912 நவம்பரில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 28. உள்ளே போனது திடகாத்திரமான வாலிபர். வெளியே வந்தது தீராத நோயாளி.

இன்றைக்கு தொழுநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை விடாமல் சாப்பிட்டால் முழுசாக குணமாகி விடும். ஆனால் அந்த மருந்து வந்தது 1980-களில்தான். சிவா காலத்தில் இந்த நோய் வந்தால் சொந்தக்காரர்களே வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

அப்படியும் அவர் முடங்கி விடவில்லை. 1913-ல் ஞானபானு பத்திரிகையை ஆரம்பித்தார். பாரதியாரும் அதில் எழுதினார். 1915-ல் மனைவி மீனாட்சி அம்மாள் இறந்து போனார். குடும்பம் என்று இருந்த துணையும் போனது. பிறகு காவி கட்டி சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டார். 1921-ல் மறுபடியும் ஜெயிலுக்கு போனார்.

ரெயிலில் ஏறாதே!

நோய் முற்றியது. தொழுநோயாளி ரெயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள். இதோடு இந்த ஆள் பேச்சு அடங்கி விடும் என்று அரசாங்கம் நினைத்திருக்கலாம்.

சிவா அடங்கவில்லை. நடந்தார். முடியாதபோது மாட்டு வண்டியில் ஏறினார். புண்களை துணியால் மூடிக்கொண்டு போய் ஊர் ஊராக கூட்டங்களில் பேசினார். பக்கத்தில் உட்கார ஜனங்கள் தயங்கிய அந்த மனுஷன், அதே ஜனங்களின் விடுதலைக்காக தொண்டை வறள பேசினார்.

பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு கோவில் கட்ட வேண்டும், எல்லா சாதியும் எல்லா மதமும் அங்கே ஒன்றாக நின்று கும்பிட வேண்டும் என்பது அவரது ஆசை. நண்பர்கள் உதவியோடு நிலம் வாங்கி ஆசிரமம் அமைத்தார். 1923-ல் வங்காளத்து தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். நிதி திரட்ட சிவா மறுபடியும் ஊர் ஊராக கிளம்பினார்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டியிலேயே உயிர் பிரிந்தது. 41 வயது கூட முடியவில்லை. கோவில் அடிக்கல்லோடு நின்று போனது.

98 வருஷம் கழித்து...

நாட்டுக்கு சுதந்திரம் கிடைத்தது, அவர் போய் 22 வருஷம் கழித்து. பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழும்பியது. அதே வளாகத்தில் பாரத மாதா நினைவாலயத்தை 2021-ல் தமிழக அரசு திறந்தது. அடிக்கல் நாட்டி 98 வருஷம்!

நாட்டுக்கு சேவை செய்தவர்களுக்கு மாலை, பதவி, பென்ஷன் எல்லாம் பிற்காலத்தில் வந்தன. சிவாவுக்கு கிடைத்தது ஜெயிலும், நோயும், ரெயிலில் ஏற தடையும்தான். அப்படியும் நாட்டுக்காக பேசுவதே கவுரவம் என்று கடைசி வரை நடந்தார்.

திருவண்ணாமலையில் இருந்து செங்கம் வழியாக தருமபுரி போகிறவர்கள், கொஞ்சம் தள்ளி இருக்கும் பாப்பாரப்பட்டிக்கும் ஒரு எட்டு போய் விட்டு வரலாம். பஸ்சில் உட்கார்ந்தே போய் விடலாம். அவருக்குத்தான் அந்த கொடுப்பினை இல்லை.