அணையாத அடுப்பும் ஒரு தனி அறையும்

வடலூருக்குப் போகிறோம். சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம் செய்கிறோம். தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறோம். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேட்டுக்குப்பத்துக்கு எத்தனை பேர் போகிறோம்? அடுத்த முறை அவசியம் போய் வாருங்கள். அங்கிருக்கும் சின்னஞ்சிறு அறையைப் பார்த்தால்தான் வள்ளலார் பெருமானின் வாழ்க்கை முழுசாகப் புரியும்.

சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூரில், 5.10.1823 அன்று ராமையா பிள்ளை - சின்னம்மை தம்பதிக்கு ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார் ராமலிங்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை காலமாகிவிட, சென்னை ஏழுகிணறு பகுதியில் அண்ணன் சபாபதி பிள்ளையின் பராமரிப்பில் வளர்ந்தார். படிப்பில் நாட்டமில்லாமல், கந்தகோட்டம் முருகன் சந்நிதியே கதி என்று கிடந்த தம்பியை அண்ணன் கண்டித்தார். அண்ணியாரோ பரிவு காட்டினார். அந்த வீட்டில் தனக்கென்று ஓர் அறை கேட்டு வாங்கிய பிள்ளை, அதில் கண்ணாடியும் விளக்கும் வைத்து வழிபட்டது. கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி தந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

எனக்கு அதைவிடவும் வியப்பாக இருப்பது, அந்த வயதிலேயே தனி அறை கேட்கத் தோன்றியதே, அதுதான்!

1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பியவர், பிறகு கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். இரவெல்லாம் எழுதுவார். ஒருநாள் எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை விளக்கில் ஊற்ற, அது விடியும்வரை எரிந்த அதிசயம் நடந்ததும் இங்கேதான்.

பிறர் பசியைக் காணச் சகிக்காதவர் அவர். பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து 80 காணி நிலம் தர, 23.5.1867 அன்று வடலூரில் தருமச்சாலை தொடங்கியது. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் சோறு போட்டார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

வீட்டில் ஒரு திவசம் என்று 10 பேருக்குச் சமைத்துப் பாருங்கள்... மறுநாள் இடுப்பு சொல்லும் சேதியை! அங்கேயோ தினம் தினம் பந்தி. வருகிறவர்களுக்குப் பசி மட்டுமா? நோயோடு வருவார்கள், மூலிகை அறிந்த வள்ளலாரிடம் மருந்து கேட்பார்கள். துயரத்தோடு வருவார்கள். சித்து வேலை பார்க்க ஆசைப்பட்டும் வருவார்கள். கூட்டம் பெருகிக்கொண்டே போனது.

1870-ல் அவர் தனிமையை நாடி மேட்டுக்குப்பத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் தங்கிய இடத்துக்கு சித்தி வளாகம் என்று பெயர் சூட்டினார்.

அடுப்பை மூட்டியவரே விட்டுப் போகலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால், தருமச்சாலையில் ஒருவேளைப் பந்திகூட நிற்கவில்லையே! கரண்டியை அன்பர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். போன இடத்திலிருந்தும் வடலூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஞான சபையை எழுப்பும் ஏற்பாடுகள் நடந்ததும், 25.1.1872 தைப்பூசத்தன்று அங்கே முதல் வழிபாடு நடந்ததும் அவர் மேட்டுக்குப்பத்தில் இருந்த காலத்தில்தான்.

படுத்த படுக்கையான மாமியாருக்குப் பணிவிடை செய்துவிட்டு, கால்மணி நேரம் கண்ணை மூடினால்கூடக் குற்றம் செய்ததுபோல் பதறுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. நீங்களே அப்படி ஒருவராக இருக்கலாம். அன்பர்களுக்காக வள்ளலார் எழுதிய நித்திய கரும விதியைப் படித்துப் பாருங்கள். அதிகாலையில் எழுவதிலிருந்து உண்பது, உறங்குவது வரை சொல்லியிருப்பார். அதிகத் தூக்கம் அவருக்குச் சம்மதமில்லை. பகல் தூக்கம் கூடவே கூடாது. ஆனால், சாப்பிட்ட பின் சற்று நேரம் படுத்து எழச் சொல்கிறார்! உயிர்களுக்கு உழைக்கச் சொன்னவர், உழைக்கிற உடம்பை மறக்கவில்லை.

22.10.1873 அன்று சித்தி வளாகத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி, அன்பர்களுக்கு உபதேசம் செய்தார். பிறகு, அறைக்குள் இருந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்து, அதை வழிபட்டு வரும்படி சொன்னார். 30.1.1874 அன்று அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்துவிட்டார் என்று அன்பர்கள் போற்றுகிறார்கள்.

தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க முடிந்தால், மேட்டுக்குப்பத்தில் திருஅறை தரிசனம் காணலாம். வடலூரிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பும் பேழையோடு நடந்தே போய்விடலாம். கிளம்புமுன் தருமச்சாலையில் சாப்பிட்டுவிடுங்கள்.