கப்பலோட்டிய தமிழர் காண விரும்பிய பள்ளி

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்தால் எங்கள் கொல்லிமலை. கடலை நான் இதுவரை கண்டதில்லை. ஆயினும் வ.உ.சி.யைப் பற்றி எழுதவே மனம் விழைகிறது.

1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து வழக்கறிஞரான சிதம்பரனார், 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்ட கதையை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. நம்மவர்க்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் கற்பிக்கும் கல்விச்சாலை அமைப்பதும் அக்கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்று! கப்பல் வாங்கியதினும் இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன். திசை கணிக்கவும் எந்திரத்தைக் காக்கவும் தேர்ந்த ஆளில்லையேல், சொந்தக் கப்பலுக்கும் அந்நியரையல்லவா நாடவேண்டும்?

1908 மார்ச்சில் கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. வயது 35. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கம்பெனியே இல்லை. கல்விச்சாலை ஏட்டோடு நின்றது.

1927இல்தான் பம்பாயில் டஃபரின் என்னும் கப்பலில் இந்திய இளைஞர்க்கு அதிகாரிப் பயிற்சி தொடங்கியது. வ.உ.சி. மறைந்தது 1936 நவம்பர் 18இல்.

இன்று, 1978ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கைப்படி, பயிற்சிச் சான்றிதழ் இன்றிக் கப்பலில் பொறுப்பேற்க இயலாது. தீயணைப்பு, உயிர்காப்பு, எண்ணெய் கடலில் கலவாமல் காத்தல் எல்லாம் பாடங்கள். சென்னையில் 2008இல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் அமைந்தது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதன் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனும் கடலைப் பார்த்ததில்லை.