காந்திகிராமத்து டாக்டரம்மா

மதுரையில் இருந்து திண்டுக்கல்லுக்கு ரெயிலில் போகிறவர்கள் அம்பாத்துரை என்ற சின்ன ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் சிறுமலை. மறு பக்கம், சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டி. அங்கேதான் இருக்கிறது காந்திகிராமம்.

காந்திகிராமத்துக் கஸ்தூரிபா ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்காக வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். வேறொரு காரியத்துக்காக வந்தவர்களும் உண்டு. கலியாணமாகிப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆகியும் தொட்டில் கட்டாத தம்பதிகள் அவர்கள். யாரோ பெற்று, யாரோ விட்டுப் போன பச்சைக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

பிள்ளையை வாங்கிக்கொண்டு போவது ஒரு நாள் காரியம். அதற்குப் பிறகு?

இரவெல்லாம் அழுகிற குழந்தைக்கு என்ன செய்வது என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெருவில் யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள். என்ன ஜாதி என்று கேட்பார்கள். பங்காளி சொத்தை நினைத்து முறைப்பான். இதற்கெல்லாம் பயந்து, ஆறு மாதம் வேறு ஊரில் போய் இருந்துவிட்டு, தானே பெற்றதாகச் சொல்லிக்கொண்டு வந்த பெண்களும் உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்துக்குத் துணை யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் போய் நிற்கிறோம். அவர்தான் டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

செல்வச் சீமாட்டி

1904-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி பிறந்தவர் சௌந்தரம். தகப்பனார் டி.வி. சுந்தரம் அய்யங்கார். தென்னாட்டில் மோட்டார் பஸ் ஓட்டிப் பெரும் புகழ் பெற்ற டி.வி.எஸ். கம்பெனியை நிறுவியவர் அவரேதான்.

பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்து வழக்கம் பணக்காரர் வீட்டையும் விடவில்லை. பாவாடை கட்டும் வயதிலேயே சௌந்தரத்துக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை டாக்டர் சௌந்தரராஜன். கொஞ்ச காலந்தான். பிளேக் நோய் அவரைக் கொண்டு போய்விட்டது.

வாழ்வு முடிந்தது என்று ஊர் நினைத்தது. அப்பொழுதெல்லாம் இளம் விதவைக்கு வீட்டின் பின்கட்டுத்தான் உலகம். சௌந்தரம் பின்கட்டில் உட்காரவில்லை. விட்ட படிப்பைத் தொடர்ந்தார். டில்லியில் பெண்களுக்கென்று இருந்த லேடி ஹார்டிங் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் எம்.பி.,பி.எஸ். பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. கூடப் படித்தவர் சுசீலா நய்யார். பிற்காலத்தில் மத்திய சர்க்காரில் சுகாதார மந்திரியாக இருந்தாரே, அவர்தான். அந்தச் சிநேகிதியின் மூலமாகக் காந்திஜியின் பழக்கம் ஏற்பட்டது.

ஒரு வருஷ நிபந்தனை

தீண்டாமை ஒழிப்பு வேலையில் இறங்கியிருந்த ஜி. ராமச்சந்திரன் என்ற வாலிபரையும் அந்தக் காலத்தில்தான் சௌந்தரம் சந்தித்தார். அவர் திருவாங்கூர்க்காரர். சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர். இருவர் மனமும் ஒன்றுபட்டது.

பெண் விதவை. அய்யங்கார் குலம். மாப்பிள்ளை வேற்று ஜாதி, வேற்று மொழி. பெற்றோர் எப்படிச் சம்மதிப்பார்கள்? விஷயம் காந்திஜியிடம் போயிற்று. ஒரு வருஷம் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. கடிதமும் எழுதக் கூடாது. அதற்கு அப்புறமும் மனம் மாறாவிட்டால் மணம் செய்துகொள்ளலாம் என்று அவர் நிபந்தனை போட்டார். வருஷம் ஓடியது. மனம் மாறவில்லை. 1940 நவம்பர் 7-ந் தேதி காந்திஜியே முன்னின்று அவர்கள் திருமணத்தை நடத்திவைத்தார்.

இதைக் காதல் கதையாக மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ரத்தமும் ஜாதியும் சேர்த்து வைக்காத இருவர், மனத்தாலேயே ஒரு குடும்பமாக முடியும் என்று நிரூபித்தார்கள். பெறாத பிள்ளையைத் தன் பிள்ளை என்று தூக்குகிறவர்களின் காரியமும் இதே வகைதானே?

காந்திஜிக்கும் இந்த அனுபவம் உண்டு. 1915-ல் ஆமதாபாத் ஆசிரமத்தில் தூதாபாய் என்ற ஹரிஜன ஆசிரியரின் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய கைக்குழந்தை லட்சுமி. உடனே கிணற்றில் தண்ணீர் எடுப்பதற்குத் தகராறு. நன்கொடை கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். கையில் காசில்லை. ஆசிரமத்தை ஹரிஜனச் சேரிக்கே கொண்டு போய்விடலாம் என்று காந்திஜி தீர்மானித்தார். அந்தச் சமயத்தில் ஒரு மில் முதலாளி மோட்டாரில் வந்து 13 ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆசிரமம் பிழைத்தது. பின்னால் லட்சுமியைத் தன் மகளாகவே காந்திஜி வளர்த்தார். ஒரு குழந்தைக்கு இடம் கொடுத்த வீட்டுக்கு வெளியில் இருந்து ஒரு கை நீளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இரண்டு படுக்கை ஆஸ்பத்திரி

1944 பிப்ரவரி 22-ந் தேதி, சிறைக் காவலில் இருந்தபோதே கஸ்தூரிபா காலமானார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டினார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவாக வேண்டும் என்பது காந்திஜியின் கட்டளை. தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பார்க்கும் பொறுப்பு சௌந்தரம் அம்மையாருக்கு வந்தது.

சென்னையில் பெரிய டாக்டராக இருந்திருக்கலாம். தகப்பனார் செல்வம் இருந்தது. அம்மையாரோ நெசவாளிகளும் மானாவாரி விவசாயிகளும் நிறைந்த திண்டுக்கல் சீமையைத் தேர்ந்தெடுத்தார். 1947-ல் காந்திகிராமம் பிறந்தது. இரண்டே படுக்கைகளுடன் ஆரம்பித்த வைத்தியசாலைதான் பிறகு கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

ஆஸ்பத்திரி வந்தால் பிரசவம் வரும். பிரசவம் வந்தால், வேண்டாத பிரசவமும் வரும். தாய் இறந்துபோன குழந்தை, தாய் விட்டுவிட்டுப் போன குழந்தை, போக்கிடம் இல்லாத பெண் இவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். அனாதைப் பெண் குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லம் ஏற்பட்டது. கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் சேவிகைப் பயிற்சி கொடுத்தார்கள்.

பெயரைப் பாருங்கள். சுமங்கலிக்குக் கடிதம் எழுதினால் சௌபாக்கியவதி என்று போடுவது நம் வழக்கம். தாலி அறுந்தால் அந்தச் சொல் போய்விடும். ஒரு காலத்தில் அந்தச் சொல்லை இழந்த பெண், தகப்பன் பெயர் தெரியாத குழந்தைகளின் வீட்டு வாசலில் அதே சொல்லை எழுதிவைத்தார். வேண்டுமென்றே செய்தாரோ, தற்செயலோ, எனக்கு அந்தப் பெயர்ப்பலகை பிடித்திருக்கிறது.

கொடுக்க ஆள் இல்லாத குழந்தை

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

சுவீகாரம் என்பது பழைய காலத்தில் குழந்தைக்காக ஏற்பட்டது அல்ல. கொள்ளி வைக்கவும், எள்ளும் தண்ணீரும் இறைக்கவும், ஜமீனை ஆளவும் ஓர் ஆண் பிள்ளை வேண்டும். அதற்காகத்தான் தத்து. பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுப்பது கிடையாது. விதவை தானாக எடுக்க முடியாது. கணவன் அனுமதி கொடுத்துவிட்டுச் செத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பங்காளிகள் சம்மதித்தாலும் போதும் என்ற தீர்ப்பு ராமநாதபுரம் சேதுபதி வம்சத்து வழக்கில் 1868-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் கிடைத்தது. எதிர்க்கட்சி யார் தெரியுமா? மதுரைக் கலெக்டர்! ராணி எடுத்த சுவீகாரம் செல்லாது, ஜமீன் சர்க்காருக்கே என்று வாதாடித் தோற்றார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. தத்து என்றால் கொடுப்பது. கொடுக்கத் தகப்பனாவது தாயாவது வேண்டும். அனாதைக்குக் கொடுக்க ஆள் ஏது? ஆகவே, யாருக்கு வீடு அவசியமோ அந்தக் குழந்தைதான் சட்டப்படி எந்த வீட்டுக்கும் போக முடியாது!

1956-ல் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் வந்தது. பெண் குழந்தையையும் எடுக்கலாம் என்றது. விதவையும் கலியாணமாகாத பெண்ணும் தாங்களாகவே எடுக்கலாம் என்றது. எடுத்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் உரிமை எல்லாம் உண்டு. எடுத்த பிறகு வேண்டாம் என்று தள்ள முடியாது. ஆனாலும் தொட்டிலில் கிடந்த பெயர் தெரியாத குழந்தைக்கு வழி அகலவில்லை. 1962-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தையையும், பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தையையும், வளர்க்கும் காப்பாளர் கோர்ட்டு அனுமதியுடன் தத்துக் கொடுக்கலாம் என்பதே அது.

அந்தத் திருத்தம் நிறைவேறிய பார்லிமெண்டில் திண்டுக்கல் தொகுதியின் மெம்பர் யார்? சௌந்தரம் அம்மையார்தான். 1952-ல் ஆத்தூரிலும், 1957-ல் வேடசந்தூரிலும் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனவர் அவர். 1962-ல் டில்லிக்குப் போய் மத்தியக் கல்வித் துணை மந்திரி ஆனார். பத்மபூஷண் விருதும் அந்த வருஷமே வந்தது. 1967 தேர்தலில் தி.மு.க. அலையில் தோற்றார். தோற்றபின் திரும்பிப் போக அவருக்கு ஊர் இருந்தது. எல்லா அரசியல்வாதிகளுக்கும் அது வாய்ப்பதில்லை.

அவர் போன பிறகு

அம்மையார் 1984 அக்டோபரில் காலமானார். அதே வருஷம் பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்புவதில் நடந்த முறைகேடுகளைத் தடுக்க அந்தத் தீர்ப்பு விதிகள் வகுத்தது. எடுக்கிற குடும்பத்தை முன்கூட்டி விசாரிக்க வேண்டும், கொடுத்த பிறகும் குழந்தையைக் கவனித்துவர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்துதான் நாடெங்கும் வேரூன்றியது. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. 1992-ல் சேலத்தில் துவங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் போன்ற மாவட்டங்களுக்கும் நீட்டினார்கள். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள் என்று சர்க்காரே சொல்ல வேண்டிய நிலை!

பழைய சட்டம் இந்துக்களுக்கு மட்டும். பேகம்பூர் முஸ்லிமும் மேட்டுப்பட்டிக் கிறிஸ்தவரும் ஒரு குழந்தையை வளர்க்கலாம். காப்பாளர் என்றுதான் பெயர், தகப்பன் அல்ல. இளைஞர் நீதிச் சட்டம் அந்தச் சுவரை உடைத்தது. எந்த மதத்தவரும் அதன்படி தத்து எடுக்கலாம்.

இன்றைய முறை இது. மத்தியத் தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். வரிசைப்படி குழந்தை வரும். 2022 முதல் தத்து உத்தரவு போடுகிற அதிகாரம் கோர்ட்டில் இருந்து மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு மாறியிருக்கிறது. அதாவது கலெக்டர். 1868-ல் சுவீகாரம் செல்லாது என்று லண்டன் வரை போன அதே நாற்காலி!

காத்திருப்பு நீளம் என்பது உண்மை. வருஷக்கணக்கில் ஆகிறது. அதனால் தரகர் பின்னால் போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பணம் கொடுத்து வாங்கிய குழந்தைக்கு உத்தரவுப் பத்திரம் இல்லை. போலீஸ் வந்தால், அம்மா என்று கூப்பிடப் பழகிய பிள்ளையை அவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள்.

முறைப்படி எடுத்தவர்களுக்கு உள்ள துணையைப் பலர் தெரிந்துகொள்வதே இல்லை. குழந்தை வீடு வந்து இரண்டு வருஷம் வரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சமூகப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. தப்புக் கண்டுபிடிக்க வருகிறார்கள் என்று எண்ணி, வீட்டை மெழுகிக் கோலம் போட்டு, கேட்டதற்கெல்லாம் சௌக்கியம் என்றே பதில் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் அதிகம். அந்த வருகையே அவர்களுக்காகத்தான். பிள்ளை ஒட்டவில்லை, சாப்பிட மறுக்கிறது, மாமியார் தொடமாட்டேன் என்கிறார் என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் அது. ஆலோசனை சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. கலெக்டர் ஆபீசைச் சேர்ந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் கேட்கலாம். 1098 என்ற டெலிபோன் எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு.

நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை என்பதைப் பிள்ளையிடம் எப்பொழுது சொல்வது? பெரும்பாலான வீடுகளில் இதுதான் கடைசிப் பயம். தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை வாயால் கேள்விப்படுவதற்கு முன்னால், கதை கேட்கும் வயதிலேயே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேல், தான் எங்கிருந்து வந்தோம் என்று விசாரிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. அப்படி விசாரிக்க வருகிறவர்களில் சிலர், அம்பாத்துரையில் ரெயிலை விட்டு இறங்கி, டாக்டரம்மா கட்டிய ஆஸ்பத்திரிக்குத்தான் வழி கேட்க வேண்டியிருக்கும்.