காக்கையை வரைந்த ஜமீன்தார்

மயிலைச் சித்திரமாக எழுதுவார்கள். கிளியை எழுதுவார்கள். கூரையில் உட்கார்ந்து கத்தும் காக்கையை யார் எழுதுவார்கள்?

கல்கத்தாவில் ஒரு பெரிய ஜமீன்தார் எழுதினார். கறுப்பு மை, ஒரு தூரிகை, காகிதம். அவ்வளவுதான். காக்கை உயிரோடு வந்து உட்கார்ந்துவிட்டது!

அவர்தான் ககனேந்திரநாத் தாகூர்.

மகாகவி ரவீந்திரநாத் தாகூருக்கு இவர் அண்ணன் மகன் முறை. 1867-ம் ஆண்டு, ஜோராசாங்கோவில் இருந்த தாகூர் மாளிகையில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மூத்த பிள்ளை என்பதால் குடும்பப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தம்பி அவனீந்திரநாத் ஓவியர் என்று பெயர் வாங்கிவிட்டார். அண்ணனுக்கோ 40 வயது நெருங்கும் வரை ஓவியம் வெறும் பொழுதுபோக்குதான்.

அப்போது இடி விழுந்தது. மூத்த மகன் இளம் வயதில் இறந்துபோனான்.

துக்கம் தாங்காத தந்தை, பக்திப் பாடல்களைப் பாடச் சொல்லிக் கேட்டு ஆறுதல் தேடினார். பாடுகிறவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பிறகு தூரிகை அவர் கையை விட்டு இறங்கவே இல்லை.

ஜப்பான் விருந்தாளிகள்

1903-ம் ஆண்டு டைக்கான், ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். தாகூர் குடும்பத்தார் அவர்களை உபசரித்தார்கள். மையை நீரில் கரைத்து, ஒரே இழுப்பில் உருவம் காட்டும் வித்தையை ககனேந்திரர் அவர்களிடம் கண்டார். காக்கைகள் பிறந்தது அந்த வித்தையில்தான்.

ஜப்பானில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. கவிஞர்கள் கூடிச் சொந்தச் செலவில் மரக்கட்டை அச்சில் படங்கள் போடுவார்கள். ஒரு தேநீர்க் கிண்ணம், ஒரு பூங்கொத்து, பக்கத்தில் சிறு கவிதை. கடைக்குப் போகாது. புத்தாண்டில் நண்பர்களுக்குக் கொடுப்பதற்கு மட்டுமே!

ககனேந்திரரும் சொந்தமாகவே படங்களை அச்சிட்டார். மரக்கட்டையில் அல்ல, கல்லச்சில். ஆனால் அவர் போட்டது பூவும் கிண்ணமும் அல்ல.

1917-ம் ஆண்டு அவருடைய கேலிச்சித்திரத் தொகுப்புகள் வெளிவந்தன. ஒன்றின் பெயர் ‘அத்புத லோக்’. விசித்திர உலகம் என்று பொருள். ஒரு படத்தில் பெரிய திரிகைக் கல் ஒன்று சுற்றுகிறது. அதன்மேல் உயர்ந்த சாதிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அடியில் ஜனங்கள் அரைபடுகிறார்கள். வெள்ளைக்காரனைப் போல உடுத்திக்கொண்டு விழிக்கும் பாபுக்களும் தப்பவில்லை.

கேலிக்கு ஆளானவர்கள் யார்? அவருடைய சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், அவரைப் போன்ற செல்வந்தர்கள். தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர்களையே படம் போட்டுக் காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது அவர் தூரிகை ஆங்கில ஆட்சியையும் விடவில்லை.

1921-ல் மூன்றாவது தொகுப்பு வந்தது. 50 வயது தாண்டிய அந்த மனிதர், பிறகு ஐரோப்பாவின் புதுமுறை ஓவியத்தையும் பழகினார். கோணம் கோணமாக உடைந்த ஒளியும் நிழலும் கொண்ட மாளிகைகளை வரைந்தார்.

1930-ல் பக்கவாதம் தாக்கியது. பேச்சு போயிற்று. கை ஓய்ந்தது. ஊரையே சிரிக்க வைத்தவர் 8 ஆண்டுகள் மௌனமாகக் கிடந்தார். 1938-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி காலமானார்.

சகோதரர்கள் மூவரும் உட்கார்ந்திருந்த அந்தத் தாழ்வாரமும் இன்று இல்லை. சில ஆண்டுகளில் வீடு கைமாறி, இடிக்கப்பட்டுவிட்டது.